பிடிமானம் தேடிய மனிதர்: டிராக்டர் பானெட்டில் இருக்கும் அந்தப் பெயர்

இந்த இதழுக்கு ஸ்போர்ட்ஸ் கார் பத்தி ஒரு கட்டுரை தர்றேன்னு ஆசிரியர் குழுகிட்ட சொல்லியிருந்தேன். சொன்ன சொல்லைக் காப்பாத்துவேன். ஆனா கதை ஆரம்பிக்கிறது ஒரு சேத்து வயல்ல. கொஞ்சம் பொறுத்துக்கோங்க.

போன ஐப்பசி. வானூர்ல எங்க வீட்டுக்குப் பின்னாடி இருக்கிற கழனியில சேடை ஓட்ட டிராக்டர் வந்திருந்தது. கேஜ் வீல் மாட்டுறதுக்கு முன்னாடி, ரப்பர் டயரோடவே வண்டியை வரப்பு தாண்டி இறக்கிட்டாங்க. அவ்ளோதான். பின் சக்கரம் சுத்துது, சேறு பறக்குது, வண்டி மட்டும் நகரல. இன்னும் கொஞ்சம் ஆக்ஸிலரேட்டர் கொடுத்தா கிளம்பிடும்னு நான் நினைச்சேன். ஓட்டுற அண்ணன் நேர்மாறா செஞ்சார். எஞ்சின் வேகத்தைக் குறைச்சு, வரப்பில நின்ன ரெண்டு பேரைக் கூப்பிட்டு பின்னாடி கலப்பைச் சட்டத்து மேல ஏறி நிக்கச் சொன்னார். வண்டி முனகிக்கிட்டே மெதுவா வெளியே வந்துடுச்சு. (இதை நீங்க செஞ்சு பார்க்காதீங்க. வழுக்கி விழுந்தா சக்கரத்துக்கு அடியில போயிடுவோம்.)

எஞ்சின் அதேதான். சேறும் அதேதான். மாறினது ஒண்ணே ஒண்ணு: பின் சக்கரத்து மேல இருந்த எடை. உராய்வு விசை, உராய்வுக் கெழுவையும் செங்குத்து விசையையும் பெருக்கினா வரும்னு முதல் வருஷத்திலேயே படிச்சாச்சு. பரீட்சையில எழுதி மார்க்கும் வாங்கியாச்சு. அந்த அண்ணன் அதை எங்கேயும் படிக்கல. ஆனா அவருக்குத் தெரிஞ்சிருந்தது, எனக்குத் தெரியல.

வண்டி வெளியே வந்ததும் பானெட்டைப் பார்த்தேன். மாஸே ஃபெர்குசன். சின்ன வயசிலிருந்து மல்லாட்டைக் கொல்லையிலும் நெல்லு வயல்லயும் பார்த்துப் பார்த்துச் சலிச்ச பெயர். சென்னை செம்பியத்தில் 1960-ல் தொடங்கிய டாஃபே நிறுவனம் அந்தப் பெயரில் டிராக்டர் செய்ததால், தமிழ்நாட்டுக் கிராமங்களுக்கு அது பழகிப்போன பெயர். இந்த ஃபெர்குசன் யாருன்னு அன்னைக்கு ராத்திரிதான் தேட ஆரம்பிச்சேன். தேடினா, டிராக்டர்ல ஆரம்பிச்ச மனுஷன் ஃபார்முலா ஒன் கார்ல போய் நிக்கிறார். வாழ்நாள் முழுக்க அவர் கேட்டது ஒரே கேள்விதான்: சக்கரம் மண்ணை எப்படிப் பிடிக்கும்?

பண்ணையை விட்டு ஓடிய பையன்

ஹாரி ஃபெர்குசன் 1884 நவம்பர் 4-ஆம் தேதி, அயர்லாந்தின் வடக்கே டவுன் கவுண்டியில் குரோவெல் என்ற சிற்றூரில் பிறந்தார். அப்பா விவசாயி. பதினொரு பிள்ளைகளில் ஒருவர். வீட்டில் கடுமையான மதக் கட்டுப்பாடு. வெளியில் குதிரையும் கலப்பையும் மண்ணும். இரண்டுமே அவருக்கு ஒத்து வரவில்லை. 1902-ல் பண்ணையை விட்டுக் கிளம்பி, பெல்ஃபாஸ்ட் நகரில் அண்ணன் ஜோ நடத்திய சைக்கிள், கார் பழுது பார்க்கும் பட்டறையில் போய்ச் சேர்ந்தார். பட்டறைக்கு விளம்பரமாக மோட்டார் சைக்கிள் பந்தயங்களில் ஓட்டினார்.

அப்புறம் விமானப் பைத்தியம் பிடித்தது. ரைட் சகோதரர்கள் பறந்து ஆறு வருஷம்தான் ஆகியிருந்தது. தானே ஒரு விமானம் கட்டி, 1909 டிசம்பர் 31 அன்று ஹில்ஸ்பரோவில் ஓட்டினார். பறந்தது 130 கஜம், அதாவது சுமார் 120 மீட்டர். நம்ம காலேஜ் மைதானத்தின் ஒரு முனையிலிருந்து மறு முனை வரைன்னு வச்சுக்கோங்க. ஆனாலும் அயர்லாந்து மண்ணிலிருந்து எஞ்சின் விமானத்தில் மேலே எழும்பிய முதல் ஆள் அவர்தான்.

1911-ல் பெல்ஃபாஸ்ட்டில் சொந்தமாகக் கார் விற்கும் கடை போட்டார். கொஞ்ச நாளில் டிராக்டரும் விற்க ஆரம்பித்தார். எந்த மண்ணை வேண்டாம் என்று விட்டு வந்தாரோ, அதே மண் அங்கே காத்துக்கொண்டிருந்தது.

ஓட்டுபவரையே நசுக்கிய டிராக்டர்

1917. முதல் உலகப்போர். பிரிட்டனுக்கு உணவுக் கப்பல்கள் வருவது ஆபத்தாகிவிட்டது. உள்ளூரிலேயே அதிக நிலத்தை உழுதாக வேண்டும். அயர்லாந்தில் ஓடிக்கொண்டிருந்த டிராக்டர்கள் ஒழுங்காக வேலை செய்ய வழி சொல்லும் பொறுப்பை வேளாண் துறை ஃபெர்குசனிடம் கொடுத்தது. அவரும் அவருடைய மெக்கானிக் வில்லி சாண்ட்ஸும் ஊர் ஊராகப் போய், வயலில் நின்று கவனித்தார்கள்.

அப்போதைய டிராக்டர் என்பது இரும்புக் குதிரை, அவ்வளவுதான். குதிரைக்குப் பின்னால் கலப்பையைக் கட்டுகிற மாதிரியே டிராக்டருக்குப் பின்னாலும் சங்கிலியோ கொக்கியோ போட்டு இழுத்தார்கள். பிடிமானம் வேண்டுமென்றால் வண்டியையே கனமாகச் செய்ய வேண்டும். கனமான வண்டி ஈர மண்ணில் புதையும், மண்ணை இறுக்கிக் கெடுக்கும், எண்ணெயையும் குடிக்கும்.

இதைவிட மோசமான விஷயம் ஒன்று இருந்தது. கலப்பை ஒரு பாறையிலோ வேரிலோ மாட்டிக்கொண்டால் பின் சக்கரம் நின்றுவிடும். எஞ்சின் நிற்காது. சக்கரத்தைச் சுற்ற முடியாத முறுக்கு விசை, அச்சை மையமாக வைத்து வண்டியின் உடலையே சுற்றும். முன்பக்கம் தூக்கி, டிராக்டர் மல்லாந்து ஓட்டுபவர் மேல் விழும். ஃபோர்ட்சன் டிராக்டர்களில் இப்படிப் பலர் செத்துப்போனார்கள். கண்ணை மூடித் திறப்பதற்குள் எல்லாம் முடிந்துவிடும்.

எடையை ஏற்றாமல் பிடிமானம் வேண்டும். கலப்பை மாட்டினால் வண்டி மல்லாக்கவும் கூடாது. இந்த இரண்டையும் ஒரே ஏற்பாட்டில் தீர்க்க முடியுமா என்பதுதான் ஃபெர்குசனுக்கு முன்னால் இருந்த கேள்வி. விடை கிடைக்க ஏறக்குறைய பதினைந்து வருஷம் ஆனது.

மூன்று முனை

விடையை நீங்கள் தினமும் பார்க்கிறீர்கள். எந்த டிராக்டரின் பின்னாலும் போய் நின்று பாருங்க. கீழே இரண்டு கைகள், மேலே நடுவில் ஒரு கம்பி. மூன்று முனை இணைப்பு, நம்ம ஊர் டிரைவர்கள் பேச்சில் லிங்கேஜ், டாப் லிங்க். இன்று உலகத்தில் எந்த நிறுவனம் டிராக்டர் செய்தாலும் பின்பக்கம் இதுதான்.

இது வேலை செய்யும் விதம் அழகானது. கலப்பையை மண் பின்னால் இழுக்கும்போது, கலப்பை முன்பக்கமாகக் குப்புற விழப் பார்க்கும். அப்படி விழ முடியாமல் மேல் கம்பி தடுக்கும். தடுக்கும்போது அந்தக் கம்பி டிராக்டரை முன்னோக்கித் தள்ளும். அச்சுக்கு மேலே விழும் அந்தத் தள்ளு, வண்டியின் மூக்கைத் தரையோடு அழுத்திப் பிடிக்கும். வண்டியை மல்லாக்கப் பார்த்த அதே விசையை வைத்தே வண்டியைக் காப்பாற்றுகிறார்.

அடுத்தது ஹைட்ராலிக். மேல் கம்பியில் வரும் அழுத்தத்தை ஒரு ஸ்பிரிங் உணரும். மண் கெட்டியாக இருந்து இழுவை கூடினால், ஹைட்ராலிக் தானாகக் கலப்பையை ஒரு துளி மேலே தூக்கும். தூக்கும்போது கலப்பையின் எடையும் அதன் மேல் மண் கொடுக்கும் அழுத்தமும் பின் சக்கரத்துக்கு வந்து சேரும். பிடிமானம் எப்போது அதிகம் தேவையோ, சரியாக அப்போது எடை வருகிறது. கலப்பை பாறையில் முட்டி நின்றால்? பின் சக்கரத்தின் மேல் இருந்த பாரம் விலகி, சக்கரம் அதே இடத்தில் சும்மா சுற்றும். வண்டி கவிழாது. ஓட்டுபவர் இறங்கி, பாறையைத் தோண்டி எடுத்துவிட்டு வேலையைத் தொடரலாம்.

எங்க கழனியில ரெண்டு பேர் கலப்பை மேல ஏறி நின்னாங்க இல்லையா? அதையே ஆள் இல்லாமல், விநாடிக்கு விநாடி தானாகச் செய்வதுதான் ஃபெர்குசன் ஏற்பாடு. இதன் அடிப்படைக் காப்புரிமை 1926-ல் வந்தது. 1933-ல் எல்லாவற்றையும் சேர்த்து ஒரு முழு டிராக்டரைக் கட்டி, கறுப்பு வண்ணம் அடித்தார். 1936-ல் டேவிட் பிரவுன் நிறுவனத்தோடு சேர்ந்து அது விற்பனைக்கு வந்தது.

ஒரு கைகுலுக்கல், ஒரு வழக்கு, ஒரு நாணயம்

1938 அக்டோபரில் ஃபெர்குசன் தன் டிராக்டரை அமெரிக்காவுக்குக் கொண்டுபோய் ஹென்றி ஃபோர்டு முன்னால் உழுது காட்டினார். விளக்கிச் சொல்ல, சாவி கொடுத்தால் ஓடும் ஒரு பொம்மை டிராக்டரையும் கையோடு எடுத்துப் போயிருந்தார். பார்த்த ஃபோர்டு சம்மதித்தார். ஒப்பந்தப் பத்திரம் கிடையாது, வெறும் கைகுலுக்கல். 1939-ல் ஃபோர்டு ஆலையிலிருந்து ஃபெர்குசன் ஏற்பாட்டோடு 9என் டிராக்டர் வெளிவந்தது.

கைகுலுக்கியவர் இருக்கும்வரை அது செல்லுபடியானது. பேரன் இரண்டாம் ஹென்றி ஃபோர்டு நிர்வாகத்துக்கு வந்ததும் உறவு முறிந்தது. ஆனால் அதே இணைப்போடு ஃபோர்டு டிராக்டர்கள் தொடர்ந்து வந்துகொண்டிருந்தன. ஃபெர்குசன் 1948-ல் 25 கோடி டாலருக்கு மேல் கேட்டு வழக்குப் போட்டார். 1952-ல் 92.5 லட்சம் டாலரில் வழக்கு முடிந்தது. கேட்டதில் இது சிறு பங்குதான். புராஜெக்ட் பார்ட்னரோட வாய் வார்த்தையில ஒப்பந்தம் போடுறவங்க இதைக் கொஞ்சம் மனசுல வச்சுக்கோங்க.

வழக்கு நடந்தபோதும் அவர் சும்மா இருக்கவில்லை. 1946 முதல் இங்கிலாந்தின் கோவென்ட்ரியில் டிஇ20 என்ற சாம்பல் நிறச் சின்ன டிராக்டர் தயாராகத் தொடங்கியது. எடை ஏறக்குறைய 1.1 டன்தான். 1956 வரை 5 லட்சத்துக்கும் மேல் செய்தார்கள். எவரெஸ்ட் ஏறிய எட்மண்ட் ஹிலாரி, 1958 ஜனவரி 4-ல் தென் துருவத்தை அடைந்தது இந்த ஃபெர்குசன் டிராக்டர்களில்தான். பனியில் ரப்பர் டயர் வேலைக்கு ஆகாது என்று சக்கரங்களைச் சுற்றிச் சங்கிலித் தடம் மாட்டியிருந்தார்கள். நம்ம ஊரில் சேடைக்குக் கேஜ் வீல், அங்கே பனிக்குச் சங்கிலித் தடம். வண்டி ஒன்றுதான், தரைக்கு ஏற்ற மாதிரி கால் மட்டும் மாறுகிறது. இந்த வரியைக் கொஞ்சம் ஞாபகம் வச்சுக்கோங்க, கடைசியில தேவைப்படும்.

1953-ல் கனடாவின் மாஸே ஹாரிஸ் நிறுவனத்தோடு இணைந்தார். விலையில் 10 லட்சம் டாலர் இழுபறி வந்தபோது நாணயத்தைச் சுண்டிப் பார்த்தார்கள். ஃபெர்குசன் தோற்றார், சிரித்துக்கொண்டே விட்டுக்கொடுத்தார். மாஸே ஃபெர்குசன் என்ற பெயர் இப்படி வந்ததுதான். அடுத்த வருஷமே அந்த நிறுவனத்தை விட்டு விலகினார். அப்போது அவருக்கு வயது எழுபதை நெருங்கிக்கொண்டிருந்தது. கையில் ஏகப்பட்ட பணம். சும்மா உட்கார்ந்து சாப்பிட்டிருக்கலாம்.

அதே கேள்வி, இப்போது தார்ச்சாலையில்

அவரை உட்கார விடாதது கார். ஈரச் சாலையில் சறுக்கி மக்கள் சாவதும், சேற்றில் டிராக்டர் கவிழ்ந்து சாவதும் அவருக்கு ஒரே நோயின் இரண்டு அறிகுறிகளாகத் தெரிந்தன. இரண்டிலும் எஞ்சின் கேட்பதைத் தரை கொடுக்கவில்லை.

இதே யோசனையோடு இரண்டு பந்தய ஓட்டுநர்கள் ஏற்கெனவே அலைந்துகொண்டிருந்தார்கள். ஒருவர் ஃப்ரெடி டிக்ஸன். இன்னொருவர் டோனி ரோல்ட், இரண்டாம் உலகப்போரில் ஜெர்மனியின் கோல்டிட்ஸ் கோட்டையில் சிறைப்பட்டு, அங்கிருந்து தப்பிக்க ரகசியமாகக் கிளைடர் கட்டிய கூட்டத்தில் இருந்தவர், 1953-ல் லெ மான் பந்தயத்தை வென்றவர். நான்கு சக்கரத்துக்கும் சக்தி போகும் ஒரு காரை அவர்கள் கட்டியிருந்தார்கள். ஃபெர்குசன் அவர்களுக்குக் கை கொடுத்து, 1950-ல் ஹாரி ஃபெர்குசன் ரிசர்ச் என்ற நிறுவனத்தைத் தொடங்கினார். ஆஸ்டன் மார்ட்டினிலிருந்து வந்த கிளாட் ஹில் வடிவமைப்பைப் பார்த்துக்கொண்டார்.

நான்கு சக்கர இயக்கம் என்றால் நாலு சக்கரத்தையும் எஞ்சினோடு கட்டிவிட்டால் போதும் என்று தோன்றும். போதாது. வளைவில் முன் சக்கரங்கள் போகும் பாதை, பின் சக்கரங்களின் பாதையைவிட நீளம். இரண்டையும் ஒரே தண்டில் இறுக்கிக் கட்டினால் ஒன்றோடொன்று மல்லுக்கு நிற்கும். அதனால் நடுவில் ஒரு டிஃபரன்ஷியல் வேண்டும். ஆனால் சாதாரண டிஃபரன்ஷியலுக்கு ஒரு கெட்ட பழக்கம்: எந்தப் பக்கம் வழுக்குகிறதோ அந்தப் பக்கமே ஓடும். காரின் ஒரு சக்கரம் சேற்றில் சும்மா சுற்ற, மறு சக்கரம் அசையாமல் நிற்பதைப் பார்த்திருப்பீர்கள். ஃபெர்குசன் குழு மைய டிஃபரன்ஷியலோடு ஒருவழிக் கிளட்ச்சுகளைச் சேர்த்தது. முன்னுக்கும் பின்னுக்கும் வேக வித்தியாசம் ஒரு எல்லைக்குள் இருந்தால் சுதந்திரம். எல்லை தாண்டினால் கிளட்ச் பிடித்துக்கொள்ளும். முன் அச்சு மட்டும் தனியாக வழுக்கவோ, பின் அச்சு மட்டும் தனியாகப் பூட்டிக்கொள்ளவோ முடியாது.

கொஞ்சம் கணக்கு, பயப்படாதீங்க

ஒவ்வொரு டயரும் சாலையைத் தொடுவது ஏறக்குறைய ஒரு உள்ளங்கை அளவுதான். அந்த நாலு உள்ளங்கைதான் காரின் மொத்தச் சொத்து. ஹாஸ்டல்ல மாசத்துக்கு வீட்டிலிருந்து வர்ற காசு மாதிரி நினைச்சுக்கோங்க. வேகம் எடுக்க, பிரேக் போட, திரும்ப, எல்லாச் செலவும் அதே காசில்தான். வளைவில் திரும்ப முழுக் காசையும் செலவழித்துக்கொண்டிருக்கும்போது ஆக்ஸிலரேட்டரை மிதித்தால், கடன் வாங்க இடமில்லை. பின் சக்கர இயக்கமாக இருந்தால் வால் வெளியே போகும். முன் சக்கர இயக்கமாக இருந்தால் மூக்கு வெளியே போகும்.

1,200 கிலோ காரை எடுத்துக்கொள்வோம். எடை முன்னும் பின்னும் சரிபாதி. மழைச் சாலை, உராய்வுக் கெழு 0.5 என்று வைப்போம். வேகமெடுக்கும்போது எடை பின்னால் சாய்வதைக் கணக்கில் எடுக்காமல் விடுவோம்.

இரண்டு சக்கர இயக்கத்தில் தள்ள உதவுவது 600 கிலோவின் பிடிமானம் மட்டும். கிடைக்கும் முடுக்கம் விநாடிக்கு விநாடி சுமார் 2.45 மீட்டர். எத்தனை குதிரைத்திறன் எஞ்சின் வைத்தாலும் 100 கி.மீ. வேகத்தைத் தொட 11 விநாடிக்கு மேல் ஆகும். நான்கு சக்கரமும் தள்ளினால் அது பாதியாகி 6 விநாடிக்குள் வந்துவிடும். எஞ்சினைத் தொடவே இல்லை. நான்கு சக்கர இயக்கம் என்ன சாதிக்கிறது என்பதற்கு இந்த ஒரு கணக்கு போதும்.

இப்போ அடுத்த கணக்கு. 50 மீட்டர் ஆரம் உள்ள ஒரு வளைவு. அதே மழை. காரை வளைவில் பிடித்து வைக்கும் அதிகபட்ச வேகம் மணிக்கு சுமார் 56 கி.மீ. சக்தி எத்தனை சக்கரத்துக்குப் போனாலும் அதே 56 தான். உலர்ந்த சாலையில் நல்ல டயரோடு கெழு 0.9 ஆனால், வேகம் 75-ஐத் தாண்டும். பிரேக்கும் அப்படியே: 80 கி.மீ. வேகத்திலிருந்து நிற்க, ஈரத்தில் சுமார் 50 மீட்டர், உலர் சாலையில் 28 மீட்டர். பிரேக் எல்லாக் காரிலும் ஏற்கெனவே நாலு சக்கரத்திலும்தான் இருக்கிறது. நின்ற இடத்திலிருந்து கிளப்பிவிடும் நான்கு சக்கர இயக்கம், நிறுத்தும்போது அந்த 50 மீட்டரைக் குறைத்துத் தராது.

ஆக, டிரைவ்டிரெய்ன் என்பது காசை எப்படிப் பிரித்துச் செலவழிப்பது என்கிற சாமர்த்தியம். காசைச் சம்பாதிப்பது டயர்.

ஃபெர்குசனுக்கு இது தெரிந்தே இருந்தது. அதனால்தான் அவருடைய மாதிரிக் கார்களில் நான்கு சக்கர இயக்கத்தோடு, சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் பிரேக்கையும் சேர்த்தார். இன்னைக்கு நாம ஏபிஎஸ்னு சொல்றோமே, அதன் தாத்தா. விமானங்களுக்காக டன்லப் செய்த மேக்ஸாரெட் கருவி அது. அந்தக் காரைப் பெரிய கார் நிறுவனங்களுக்குக் காட்டினார். ஒருவரும் வாங்கவில்லை. செலவு அதிகம், சாதாரண ஆளுக்கு எதற்கு என்பதுதான் சந்தையின் நினைப்பு.

அவர் பார்க்காத வெற்றி

யாரும் நம்பவில்லை என்றால் பந்தயத்தில் காட்டுவோம் என்று ரோல்ட் தரப்பில் ஒரு ஃபார்முலா ஒன் கார் கட்டும் வேலை தொடங்கியது. பெயர் பி99. வேலை நடந்துகொண்டிருக்கும்போதே, 1960 அக்டோபர் 25-ஆம் தேதி, ஹாரி ஃபெர்குசன் தன் வீட்டில் இறந்துபோனார். வயது 75.

அடுத்த வருஷம் கார் தயாரானது. மற்ற எல்லோரும் எஞ்சினைப் பின்னால் வைக்க ஆரம்பித்துவிட்ட காலத்தில், இது முன்பக்க எஞ்சினோடு வந்தது. ஜூலையில் எய்ன்ட்ரீயில் நடந்த பிரிட்டிஷ் கிராண்ட் பிரீயில், பிட்டில் தள்ளிக் கிளப்பியதற்காகத் தகுதி நீக்கம் செய்தார்கள். 1961 செப்டம்பர் 23, ஓல்டன் பார்க், கோல்டு கப் பந்தயம். பாதை ஈரமாக இருந்தது. ஓட்டியவர் ஸ்டெர்லிங் மாஸ். மற்ற கார்களின் பின் சக்கரங்கள் வளைவு முடிந்து வெளியேறும்போது வழுக்கித் தடுமாற, பி99 நாலு காலையும் ஊன்றிப் போனது. மாஸ் ஜெயித்தார். ஃபார்முலா ஒன் விதிகளின்படி நடந்த ஒரு பந்தயத்தை நான்கு சக்கர இயக்கக் கார் ஜெயித்தது அந்த ஒரு முறைதான். முன்பக்க எஞ்சின் கார் ஜெயித்த கடைசி முறையும் அதுவே.

1966-ல் ஜென்சன் எஃப்எஃப் என்ற கார் சாலைக்கு வந்தது. பெயரின் கடைசியில் இருக்கும் எஃப்எஃப், ஃபெர்குசன் ஃபார்முலா. பெரிய எஞ்சின் கொண்ட, வரிசை உற்பத்தியான ஒரு சாலைக் காரில் நான்கு சக்கர இயக்கமும் பூட்டிக்கொள்ளாத பிரேக்கும் சேர்ந்து வந்தது அதுதான் முதல். விசையில் 37 சதவீதம் முன்னுக்கு, 63 சதவீதம் பின்னுக்கு. செய்தது வெறும் 320 கார். ஆடி குவாட்ரோ வருவதற்கு 14 வருஷம் முன்பு.

டயர் திருப்பிக் கொடுத்த அடி

இத்தோட முடிச்சா நல்ல வெற்றிக் கதை. ஆனா உண்மையில் நடந்தது இன்னும் சுவாரஸ்யம்.

1969-ல் ஃபார்முலா ஒன் எஞ்சின்கள் 400 குதிரைத்திறனைத் தாண்டியிருந்தன. இரண்டு பின் டயர் இதைத் தாங்காது என்று லோட்டஸ், மாட்ரா, மெக்லாரன், காஸ்வொர்த் நாலு பேரும் நான்கு சக்கர இயக்கக் கார் கட்டினார்கள். நாலும் தோற்றன. ஏன்? அதற்குள் இரண்டு விஷயம் மாறிவிட்டது. 1968-ல் இறக்கைகள் வந்து, காற்றாலேயே காரைத் தரையோடு அழுத்த ஆரம்பித்தன. டயர்கள் அகலமாகி, ரப்பர் மென்மையானது.

வகுப்புல உராய்வு, தொடும் பரப்பைச் சார்ந்தது இல்லைன்னு படிச்சோம். ரப்பர் அந்த விதிக்கு முழுசா கட்டுப்படாது. ரப்பர் சாலையின் நுண்ணிய மேடு பள்ளங்களுக்குள் அமுங்கிப் பிடிக்கும். டயர் மேல் பாரத்தை இரட்டிப்பாக்கினால் பிடிமானம் இரட்டிப்பாகாது, கொஞ்சம் குறைவாகவே கூடும். அதனால் அதே பாரத்தை அகலமான, மென்மையான, சரியான சூட்டில் இருக்கும் ரப்பரில் பரப்பினால் லாபம். 1971-ல் பட்டையே இல்லாத ஸ்லிக் டயரும் வந்துவிட்டது. கூடுதல் தண்டு, கூடுதல் டிஃபரன்ஷியல் என்று எடையைச் சுமந்த நான்கு சக்கரக் காருக்கு உலர்ந்த பாதையில் வேலை இல்லாமல் போனது. 1983-லிருந்து ஃபார்முலா ஒன் அதைத் தடையே செய்துவிட்டது.

அப்படியானால் ஃபெர்குசன் தோற்றாரா? ராலி பந்தயத்தில் சரளையும் பனியும் சேறும்தான் பாதை. அங்கே டயர் சம்பாதிப்பது குறைவு, அதனால் செலவழிக்கும் சாமர்த்தியம்தான் ஜெயிக்கும். 1980-களில் குவாட்ரோ வந்ததும் ராலி உலகமே நான்கு சக்கரத்துக்கு மாறியது. இன்று போர்ஷே 911 வரிசையைப் பாருங்க: பின் சக்கர இயக்கத்திலும் உண்டு, நான்கு சக்கர இயக்கத்திலும் உண்டு. உலர்ந்த பந்தயத் தடத்துக்கென்று செய்யப்படும் ஜிடி3 பின் சக்கர இயக்கம்தான். எது உசத்தி என்று கேன்டீனில் சண்டை போடுவதற்கு முன்னால் கேட்க வேண்டியது, எந்தத் தரையில், எந்த டயரோடு என்பதுதான். தென் துருவச் சங்கிலித் தடத்தை ஞாபகம் வச்சுக்கச் சொன்னேனே, இதுக்குத்தான்.

திருச்சிற்றம்பலம் கூட்டுரோடு

இந்தக் கட்டுரையை எழுத வேறொரு காரணமும் இருக்கு. வயலில் டிராக்டர் மாட்டி பத்து நாள் கழிச்சு, திருச்சிற்றம்பலம் கூட்டுரோடு பக்கம் நான் பைக்கோட விழுந்தேன். தூறல் அப்பதான் ஆரம்பிச்சிருந்தது. முதல் தூறல்ல சாலையில இருக்கிற தூசியும் எண்ணெயும் தண்ணியோட சேர்ந்து சோப்பு மாதிரி ஆகிடும். வேகம் நாற்பதுதான். முன்னாடி ஒரு ஆட்டோ நின்னது, பின் பிரேக்கை மிதிச்சேன், பின் டயர் பூட்டிக்கிட்டு வழுக்கிடுச்சு. முழங்கையில ஆறு தையல். பின்னால வந்த பஸ் தள்ளி வந்ததால கட்டுரை எழுத நான் இருக்கேன்.

பைக் மேலயோ ரோடு மேலயோ பழி போட முடியாது. என் பின் டயர் வழுக்கைத் தலை மாதிரி இருந்தது. ரெண்டு மாசமா தெரியும். புது டயருக்கான காசுல செல்போன் கவரும், நண்பர்களோட பாண்டிச்சேரி போன செலவும் ஆச்சு. பட்டை தேய்ஞ்ச டயருக்கு உலர்ந்த சாலையில பெரிசா குறை தெரியாது. மழையில தண்ணியை ஒதுக்கி வழிவிடத்தான் அந்தப் பள்ளங்கள். பள்ளம் இல்லைன்னா ரப்பருக்கும் தாருக்கும் நடுவுல தண்ணி உட்கார்ந்துக்கும். அப்புறம் பிரேக், ஏபிஎஸ், நாலு சக்கர இயக்கம் எதுவும் செலவழிக்க அங்க காசே இருக்காது.

ஃபெர்குசன் தன் பணத்தையும் கடைசிப் பத்து வருஷத்தையும் கொட்டியது இந்த மாதிரி ஒரு ஈர நிமிஷத்துக்காகத்தான். பந்தயக் கோப்பை அவர் நினைப்பிலேயே இல்லை. குடும்பத்தோடு போகும் ஒரு சாதாரண கார், மழையில் சறுக்காமல் வீடு போய்ச் சேர வேண்டும் என்பதுதான் அவர் ஆசை.

அதனால ஒரு வேலை செய்யுங்க. இன்னைக்கு வண்டியை நிறுத்தும்போது குனிஞ்சு டயரைப் பாருங்க. பள்ளத்துக்குள்ள சின்னதா ஒரு ரப்பர் மேடு இருக்கும், பக்கச் சுவர்ல அதுக்கு நேரா ஒரு முக்கோணமோ டிடபிள்யூஐ என்ற எழுத்தோ இருக்கும். டயர்ப் பரப்பு அந்த மேட்டோட சமமாயிடுச்சுன்னா, மாத்துற நேரம் வந்தாச்சு. காத்தும் சரி பாருங்க. கார்த்திகை மழை இன்னும் பாக்கி இருக்கு.

எங்க கழனியில இப்போ நடவு முடிஞ்சு பயிர் நிக்குது. அந்த அண்ணன் அடுத்த தடவை கேஜ் வீல் மாட்டிட்டுத்தான் வண்டியை இறக்குவார். நானும் புது டயர் போட்டுட்டேன்.